தலைவருக்கு நானூறு பிக்சல்

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு, ஆறு வருடங்களுக்கு முன்னால் புவனேஸ்வரன் அண்ணனின் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிக் கொடுத்ததுதான். அன்று முதல் ‘மூன்றாம் ஷிஃப்ட் நண்பர்கள் தண்ணீர்ப் பந்தல்’ குழுவுக்கு நான் கம்ப்யூட்டர் ஆகிவிட்டேன். ரமணி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் கூட்டம் தொடங்கும்போது, "கம்ப்யூட்டர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் வேறு யாரை நொந்துகொள்வது?

குழுவின் பெயருக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் முன்பு ஒரு தொழிற்சாலை இருந்தது. அதில் இரவு ஷிஃப்ட் பார்த்த எட்டுப் பேர் ஒரு தைப்பூசத்துக்குக் கைக்காசைப் போட்டுப் பந்தல் போட்டார்கள். தொழிற்சாலை பிறகு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஷிஃப்டும் போயிற்று. பந்தல் மட்டும் இருபது வருடமாக டத்தோ கெராமாட் சாலையோரம் அதே இடத்தில் முளைக்கிறது. ரதம் வரும் நாளில் மூவாயிரம் பேருக்குச் சோறு, சாம்பார், மோர். அந்த எட்டுப் பேரும் இன்றைக்கு எட்டுப் பதவிகளில் இருக்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், மூவருக்கும் ஆளுக்கொரு துணை, போதாததற்கு இரண்டு ஆலோசகர்கள். சும்மா உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

சமைப்பது மட்டும் பதவியில் சேராது. சமைப்பவர் ஜெயலெட்சுமி அக்கா. அக்காவும் அதே தொழிற்சாலையில் அதே ஷிஃப்டில் ஆபரேட்டராக இருந்தவர்தான். முதல் வருடம் உப்புப் பார்க்க அடுப்புப் பக்கம் போனவரை இருபது வருடமாக யாரும் வெளியே கூப்பிடவில்லை.

எங்கள் ஊரில் நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் இருந்தால் ஒரு பேனர். பேனரில் முகத்தின் அளவுதான் பதவியின் அளவு. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பேனரில் தலைவர் பக்கிரிசாமி அண்ணன் அண்டா மூடி அளவு, செயலாளர் புவனேஸ்வரன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டு அளவு, பொருளாளர் சாசர், மீதிப் பேர் வடை. ஒரு வருடம் முருகனே தலைவரைவிட இரண்டு அங்குலம் சின்னவராகிவிட்டார். அப்போதும் தலைவர், "பேனர் அடிக்கிறவன் தப்பு" என்றார். மாற்றச் சொல்லவில்லை.

போன வருடம் அக்காவின் படத்தையும் போடுவதாக முடிவு செய்தார்கள். கடைசி நேரத்தில் தலைவர் தன் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்ல, பேனர் அடிப்பவர் மற்றவர்களை வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனார். துணி முடிந்த இடத்தில் அக்காவின் முழங்கை மட்டும் நின்றது. அதன் கீழே ‘சமையல்: திருமதி ஜெய’ என்று இருந்தது.

அக்கா அதையும் ஃபோனில் படம் எடுத்துச் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். "இதுல நீ எங்கக்கா?" என்று தங்கை கேட்டாளாம். "ஓரத்துல பாரு, ஒரு முழங்கை தெரியுதில்ல, அதான் நான்" என்று இவர் சொன்னாராம். சிரித்துக்கொண்டேதான் அக்கா என்னிடம் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் பேனர் வேண்டாம், எல்.இ.டி. திரை வைப்போம் என்றார் செயலாளர். அவருக்கு ஜுருவில் பழைய கார், எங்கள் பேச்சில் காடி, விற்கும் கடை இருக்கிறது. அங்கே திரை வைத்ததில் இருந்து மனிதர் எதையும் துணியில் பார்க்கச் சம்மதிப்பதில்லை. சாஹித் என்பவர் திரையை வாடகைக்குக் கொடுக்கிறார், பன்னிரண்டடி அகலம். பந்தலுக்கு ஒரு வெப்சைட் செய்து அந்தப் பக்கத்தையே திரையில் ஓடவிடலாம். யார் செய்வது? கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே.

அந்த வாரம் மளிகைப் பட்டியல் வாங்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். நெடியில் எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் சாதாரணமாக நின்றார்.

"பசியாறிட்டியா ரமணி?"

"ஆச்சுக்கா."

"இந்தத் தடவ படம் எல்லாம் டிவியில வருதாமே."

"டிவி மாதிரிதான். பெருசு."

அக்கா வாணலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என் மூஞ்சி வருமா?"

"வரும்க்கா."

"சின்னதா இருந்தாலும் பரவால்ல லா. ஆனா மூஞ்சியா இருக்கணும். இந்த வருசமும் முழங்கைன்னா, அடுத்த வருசம் கரண்டிய அவங்க கையில குடுத்துட்டு நான் சும்மா சாமி கும்பிட வந்துருவேன். கோவம் எல்லாம் இல்ல. அலுத்துப் போச்சு."

கோபம் என்றால் எனக்குப் பயமில்லை, எட்டு அண்ணன்மாரின் கோபத்தையும் தினமும் பார்க்கிறேன். அலுப்பு அப்படியில்லை. "நான் பொறுப்புக்கா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே என் ஃபோனில் அவரைப் படம் எடுத்தேன். கையில் கரண்டி, கண்ணில் மிளகாய்த் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. நல்ல படம்.

இப்போது என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், நாலு வரிதான். படங்களின் அசல் எல்லாம் கிளவுடில் கிடக்கும். கிளவுட் என்பது மாதவாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கு, அவ்வளவுதான். எனக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு சின்ன வெப் சர்வர் நிற்கும். யாராவது படம் கேட்டால், அது கிடங்குக்குப் போய் அசலை எடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி நீட்டும். எந்த அளவு என்பது படத்தின் முகவரியிலேயே இருக்கும். 400 என்று போட்டால் நானூறு பிக்சல் அகலம், 60 என்று போட்டால் அறுபது. ஒரே படத்தைப் பத்து அளவில் வெட்டி வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியதில்லை.

அந்தச் சர்வருக்கு ஒரு குணம் உண்டு. அதற்குச் சுருக்கத்தான் தெரியும், பெருக்கத் தெரியாது. அசல் முந்நூறு பிக்சல் என்றால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் முந்நூறுதான் வரும். எனக்கு அதனிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

முதல் வினை செயலாளரால் வந்தது. சோதனைக்காக நான் அனுப்பிய முகவரிகளை உற்றுப் பார்த்து, நடுவில் இருக்கும் எண்ணை மாற்றினால் முகம் மாறுவதைக் கண்டுபிடித்துவிட்டார். தன் பெயருக்கு நேராக 300 என்று இருந்ததை 450 ஆக்கி, வந்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘டெஸ்டிங்’ என்று எழுதினார். பத்து நிமிடத்தில் தலைவர் எனக்கு ஃபோன் செய்தார்.

"ரமணி, நான் எனக்கு அஞ்சாயிரம் போட்டேன்மா. மூஞ்சி அப்படியேதான் இருக்கு. உன் சர்வர் செயலாளர் கட்சியா?"

"இல்லண்ணே. உங்க ஃபோட்டோ சின்னது. நீங்க குடுத்தது லைசென்ஸுக்கு எடுத்தது. அசலே முந்நூத்தி எம்பதுதான். அதுக்கு மேல சர்வர் குடுக்காது."

"அப்போ நான் எவ்வளவு பெரியவன்னு சர்வர் முடிவு பண்ணுமா?"

"சர்வர் இல்லண்ணே, ஸ்டூடியோ முடிவு பண்ணும்."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் எப்போதும் எனக்கு ஒரு நிமிடம் முன்னால் ஓடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். ஒரே பொருள், பிக்சல். இரண்டரை மணி நேரம் பேசினார்கள். மூவாயிரம் பேருக்கு எவ்வளவு அரிசி என்பதை ஐந்து நிமிடத்தில் முடிப்பவர்கள் இவர்கள். தலைவர் புதுப் படம் எடுத்துத் தருவது, அவருக்கு நானூறு என்று முதலில் முடிவாயிற்று. செயலாளர் எழுந்தார். காடி விலை பேசும் குரலில், "எனக்கு முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது போதும். ஒரு பிக்சல் மரியாதைக்கு விட்டுக் குடுக்குறேன்" என்றார். தலைவர் நெகிழ்ந்துபோய்க் கைகொடுத்தார். அந்த ஒரு பிக்சலைக் கண்ணால் பார்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பொருளாளருக்கு 398. துணைகளுக்கு 397, 396, 395. ஆலோசகர்கள் இருவரும் நாணயம் சுண்டி 394, 393 வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கூட்டத்தின் மினிட் புத்தகத்தில் ஏறியது.

"முருகனுக்கு?" என்று கேட்டேன்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "முருகன் எங்கும் நிறைஞ்சவர்மா. பேக்ரவுண்ட்ல போட்டுரு. அளவே வேணாம்." எட்டுப் பேரும் மனநிறைவோடு தலையாட்டினார்கள்.

"ஜெயலெட்சுமி அக்காவுக்கு?"

"இப்பவே நாலு நாலா ரெண்டு வரிசை ரொம்பிருச்சு. அக்காவுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அந்த ‘அடுத்த வருசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறியது. "அக்கா படம் இல்லன்னா பாஸ்வேர்டு எனக்கு மறந்துரும்ணே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். செயலாளர் சிரித்தார், தலைவர் சிரிக்கவில்லை. பிறகு இருவரும் காதோடு காது பேசிவிட்டு, கீழே பெயர்கள் ஓடும் பட்டையின் ஓரத்தில் அறுபது பிக்சல் ஒதுக்கினார்கள். பன்னிரண்டடித் திரையில் அறுபது பிக்சல் என்பது ஒரு உள்ளங்கை. உள்ளங்கையாவது முழங்கையைவிட மேல் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அக்காவிடம், "சின்னதுதான்க்கா, ஆனா மூஞ்சி" என்று சொன்னேன். அவர், "போதும் லா" என்றார். அந்தப் போதும் எனக்குப் போதவில்லை.

எட்டுப் பேரும் படத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். இல்லாவிட்டால் தினமும் என் வீட்டு வாசலில் ஒருவர் தம்ப்டிரைவோடு நிற்பார். புதுப் படம் ஏறியதும் பழையதைச் சர்வர் தூக்கி எறிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு எச்சரிக்கையும் போட்டேன்: ‘இது சின்ன சர்வர். பத்து எம்பிக்கு மேல் உள்ள படத்தை ஏற்ற வேண்டாம். ஏற்றினால் சர்வர் படம் தராது.’ அதற்கு மேலே ஒரு வேல் படம் வந்தது, கீழே ஒரு காலை வணக்கம் வந்தது. தலைவர் கைகூப்பும் பொம்மை போட்டார். மற்ற ஏழு பேரும் தலைவரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். எட்டுப் பேருமே படித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு வெகுளி பாருங்கள்.

ரதம் வரும் நாள். காலை ஏழு மணிக்கே திரையை ஏற்றிவிட்டார் சாஹித். பின்னால் முருகன், முன்னால் இரண்டு வரிசை அண்ணன்மார், கீழே ஓரத்தில் அக்கா. எல்லாம் ஒழுங்காக இருந்தது. பந்தலின் பின்பக்கம் நாலு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு முறை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கித் தேடினார். நான் விரலால் காட்டினேன்.

"ஆமா, நான்தான்" என்றார். "பொட்டுகூடத் தெரியுது." பிறகு அடுப்புக்குப் போய்விட்டார்.

பத்து மணிவாக்கில் அண்ணன்மார் எட்டுப் பேரும் பட்டு வேட்டி சரசரக்க, ரதத்தை எதிர்கொள்ளச் சாலையில் இறங்கி நடந்தார்கள். முச்சந்தியில் நின்று, ரதத்தோடு கூடவே நடந்து பந்தலுக்கு வருவது வழக்கம். போகும்போது தலைவர் என்னிடம் குனிந்து, "பத்தரைக்கு மேல திரையப் பாரு. ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. செயலாளர்கிட்ட சொல்லாத" என்றார். இரண்டு நிமிடம் கழித்துச் செயலாளர் வந்து அதையே சொன்னார், தலைவரிடம் சொல்ல வேண்டாம் என்று.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பந்தல் தூணில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். நல்ல நேரம், பத்தரையில் இருந்து பதினொன்றரை.

பத்து முப்பத்தொன்றுக்குத் தலைவர் மறைந்தார்.

அவர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். நடுவில் உடைந்த படத்தின் சின்னக் குறி. கீழே ‘தலைவர் திரு. பக்கிரிசாமி’ என்று பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. பத்து முப்பத்தைந்துக்குச் செயலாளர் போனார். பிறகு பொருளாளர். பிறகு ஒரு துணை. ஆலோசகர்கள் இருவரும் நாணயம் சுண்டாமலே ஒன்றாகப் போனார்கள். பத்து நாற்பதுக்குள் எட்டும் காலி.

மடிக்கணினியைத் திறந்து கிடங்கைப் பார்த்தேன். தலைவரின் மகன் வீட்டில் இருந்தபடி நல்ல நேரம் பிறந்ததும் ஸ்டூடியோ படத்தை ஏற்றியிருந்தான். அறுபத்திரண்டு எம்பி. செயலாளருக்காகக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஏற்றியிருந்தாள். ஐம்பத்தெட்டு. ஒருவரும் நாற்பதுக்குக் கீழே இல்லை. ஃபைல் பெரிதாக இருந்தால் ஆள் பெரிதாகத் தெரிவார் என்று எட்டுப் பேரும் தனித்தனியாக, ரகசியமாக, ஒரே நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். சர்வர் நான் சொல்லிக் கொடுத்தபடியே நடந்துகொண்டது. பத்துக்கு மேல் வந்ததைக் கையால்கூடத் தொடவில்லை.

"ரமணிக்கா, எல்லாம் காலி லா" என்றார் சாஹித். மலாயும் தமிழும் கலந்து பேசுகிறவர். "ஒரு ஆள்தான் நிக்கிறாங்க. அந்தக் குட்டிப் படம்."

நாதஸ்வரம் கேட்டது. தூரத்தில் தேங்காய் உடைக்கும் சத்தம் மடமடவென்று வந்தது. ரதம் முச்சந்தியைத் திரும்பிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. சர்வரின் அமைப்பில் 10 என்று இருக்கும் இடத்தில் 100 என்று போட்டு, ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சின்ன இயந்திரம், கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் எட்டு முகமும் வந்துவிடும். அந்த வரியைத் திறந்துவிட்டேன். விரலும் விசை மேல் இருந்தது.

அப்போது பின்பக்கத்தில் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "உப்பு யாரு லா பாத்தா? நான் பாக்காம இறக்காதீங்க." இருபது வருடமாகப் பந்தலில் கேட்கும் குரல்தான். இந்தச் சோற்றைச் சாப்பிட்ட யாருக்கும் அந்தக் குரலின் முகம் தெரியாது. எனக்குத் திடீரென்று அழுகை போல ஒன்று வந்தது. கூடவே பொல்லாத ஒரு சந்தோஷமும் வந்தது.

அந்த வரியை மூடினேன். பக்கத்தைத் திறந்து, அக்காவின் படத்துக்கு நேராக இருந்த 60 என்பதை 1000 என்று மாற்றினேன். செயலாளர் சொல்லிக் கொடுத்த வித்தைதான். என் ஃபோனில் எடுத்த படம் மூவாயிரம் பிக்சல் அகலம், வெறும் மூன்று எம்பி. சர்வர் அதை ஆசையாக எடுத்து, அளவாகச் சுருக்கி நீட்டியது.

கீழ்ப்பட்டை மேலே விரிந்து சாம்பல் கட்டங்கள் எட்டையும் மூடியது. பின்னால் முருகன். முன்னால், கையில் கரண்டியும் கண்ணில் தண்ணீரும் வாய் நிறையச் சிரிப்புமாக, ஜெயலெட்சுமி அக்கா.

சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் முதலில் நிமிர்ந்தார்கள். பழைய தொழிற்சாலைப் பெண்கள் நாலைந்து பேர், "ஏய், நம்ம ஜெயா" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெரியவர், "இவங்கதான் சமைக்கிறாங்களா? இத்தன வருசமா கேட்டரிங்னு நெனச்சேன்" என்றார். ரதம் வந்து பந்தலுக்கு முன்னால் நின்றபோது, கும்பிட்ட கூட்டம் ஒரு பக்கம் முருகனையும் மறு பக்கம் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தது. சத்தம் கேட்டு அக்காவே கரண்டியோடு வெளியே வந்தார். திரையைப் பார்த்தார். திரையில் கரண்டியோடு நிற்பவரும் தரையில் கரண்டியோடு நிற்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். சாம்பார் கரண்டியில் இருந்து சொட்டிப் புடவையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"சின்னதுன்னு சொன்ன?" என்றார் என்னிடம்.

"சொன்னேன்க்கா."

தீபாராதனை முடிந்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் மோர் வாளியை எடுக்கிற சாக்கில் திரும்ப வந்து பார்த்தார். பிறகு அப்பளத் தட்டை எடுக்க ஒரு முறை. தட்டு பின்பக்கம்தான் இருந்தது.

ரதம் நகர்ந்ததும் தலைவர் என்னிடம் வந்தார். பின்னாலேயே செயலாளர். இருவர் முகமும் சிவந்திருந்தது. பாதி வெயில், பாதி நான்.

"எங்கள எங்க?" என்றார் தலைவர்.

பொய் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்ன உண்மையில் ஒரு வரி குறைவு, அவ்வளவுதான். "உங்க ஃபோட்டோ ரொம்பப் பெருசுண்ணே. சர்வரால தாங்க முடியல."

தலைவர் முகம் மெதுவாக மாறியது. "தாங்க முடியலயா?"

"முடியலண்ணே. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்தச் சர்வர் பத்தாது."

"அவரு?" என்று செயலாளரைக் காட்டினார்.

"அவரையும் தாங்கல."

"யாரு அதிகம்?"

"நீங்க அறுபத்திரண்டு. அவரு அம்பத்தெட்டு."

தலைவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாலு எம்பி அவருக்கு அந்த வருடத் தைப்பூசத்தை நிறைத்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர், "சமைக்கிற அம்மாவ முன்னால வச்சீங்களே, யாரு ஐடியா?" என்று கேட்டபோது, தலைவரும் செயலாளரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். பிறகு தலைவர் பெரிய மனதோடு, "ஒரு பிக்சல் மரியாதைக்கு நீங்களே சொல்லுங்க" என்று செயலாளருக்கு விட்டுக்கொடுத்தார்.

நாலு மணிக்கு அண்டாக்கள் காலியான பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு ஃபோனை நீட்டினார். திரையைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருந்தார். தங்கை ஏழெட்டு முத்தப் பொம்மையும், அதற்குக் கீழே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாள்: ‘எல்லாம் சரிக்கா, முழங்கைய காணோமே?’

அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்போ அடுத்த வருசம் கரண்டிய யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"எந்தக் கரண்டி?" என்றார் அக்கா. "அத விடு. இந்தத் தடவ பருப்பு பத்தல. அடுத்த வருசத்துக்கு அஞ்சு கிலோ கூட எழுதிக்க."